எந்த ஊர்ப் பிள்ளை? – அத்தியாயம் 17

போன கிழமை ஜெகதீஸ்வரி தன் அண்ணனிடம் "ஓம், வாறம்" என்று சொன்னதைப் படித்துவிட்டு உங்களில் பலர் கோபித்துக்கொண்டீர்கள். எட்டு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தவள், தாம்பாளத்தில் வெற்றிலையும் பழமும் வைத்து நீட்டியதும் இப்படியா உருகிப்போவாள் என்று கேட்டீர்கள்.

அவள் உருகவில்லை. உருகுகிற ஆளும் இல்லை. எட்டு வருடமாக அந்தத் தாம்பாளத்துக்காகத்தான் காத்திருந்தாள்.

இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அண்ணன் கணேசலிங்கம், ஆலடிப்புலம் மக்கள் ஒன்றியத்தின் தலைவர். மொன்ட்ரியாலில் ஆலடிப்புலத்தார் நாலு பேர் கூடினால் ஒலிவாங்கி அவர் கையில்தான் இருக்கும். எட்டு வருடத்துக்கு முன் ஒன்றியத்தின் வருடாந்த விளையாட்டுப் போட்டியில் ஜெகதீஸ்வரியின் மகன் யதுர்ஷன், அப்போது பதினொரு வயதுப் பொடியன், இரண்டு ஓட்டங்களில் முதலாவதாக வந்தான். வெற்றிமேடையில் ஏறி, கோப்பைக்குக் கையையும் நீட்டிவிட்டான்.

அப்போதுதான் மாமாவின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. ஒன்றியத்தின் யாப்பில் உள்ள விதிப்படி தகப்பனின் ஊர்தான் பிள்ளையின் ஊர். இந்தப் பிள்ளையின் தகப்பன் ஆலடிப்புலத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆகவே பரிசு இரண்டாவதாக வந்தவருக்கு.

இரண்டாவதாக வந்தவர் யார் என்றால், கணேசலிங்கத்தின் சொந்த மகன்.

யதுர்ஷனோ ஆலடிப்புலத்தையும் கண்டதில்லை, தகப்பன் நீக்கிலாப்பிள்ளை பிறந்த சேந்தாங்கரையையும் கண்டதில்லை. இரண்டுக்கும் நடுவில் எத்தனை கட்டை தூரம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. தெரியாத ஊருக்காக மேடையால் இறங்கினான்.

ஜெகதீஸ்வரி அன்றைக்கு அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் தரிப்பு வரை நடந்தாள். "இனி எங்கட சனத்தின்ர மைதானத்தில நீ கால் வைக்கக்கூடாது," என்றாள். "நீ வெள்ளைக்காரன்ர மைதானத்தில ஓடு. ஒருநாளைக்கு இவை உன்னைத் தேடிக்கொண்டு வருவினம். அண்டைக்கு நான் கதைக்கிறன்."

சொன்னபடி செய்தாள். கோடையில் அவர்கள் குடியிருந்த மொன்ட்ரியால்-நோர் பகுதிப் பொடியன்களின் உதைபந்தாட்ட லீக், குளிர்காலத்தில் பாடசாலைக் கூடைப்பந்து, இடையில் ஓட்டப்போட்டிகள். புவாண்ட்-கிளேர் கிடங்கில் நின்றபடி வேலை செய்துவிட்டு வந்து, நின்றபடியே மகனின் ஆட்டம் பார்த்தாள். பதினாலு வயதில் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் அவன் கையில் முட்டை வடிவப் பந்து ஒன்றைக் கொடுத்து ஓடச் சொன்னார். பிடிக்க வந்த ஒருவனாலும் அவனைப் பிடிக்க முடியவில்லை. "இதென்ன விளையாட்டு, மாடு முட்டுறமாதிரி," என்று முதல் நாள் கண்ணை மூடிக்கொண்ட ஜெகதீஸ்வரி, அடுத்த வருடம் நடுவருடைய தீர்ப்புப் பிழை என்று பிரெஞ்சில் சண்டை பிடித்தாள்.

இப்போது யதுர்ஷனுக்குப் பத்தொன்பது வயது. அவனுடைய செஜெப் கல்லூரி ஃபுட்போல் அணியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் அவன்தான். பிரெஞ்சுப் பத்திரிகையில் படம் வந்தது. படம் வந்த மறு கிழமையே தாம்பாளமும் வந்தது. ஒன்றியத்தின் கலைவிழாவில் யதுர்ஷனுக்குப் பொன்னாடை.

ஜெகதீஸ்வரி ஒரேயொரு நிபந்தனை வைத்தாள். விழாவின் மங்கள விளக்கை முதலில் ஏற்றுவது அவள் புருஷன் நீக்கிலாப்பிள்ளையாக இருக்கவேண்டும். கணேசலிங்கம் அரைமனதோடு சம்மதித்தார்.

அந்தச் சனிக்கிழமை இதோ விடிந்துவிட்டது. பகலில் கல்லூரி ஆட்டம், பின்னேரம் கலைவிழா.

ஜெகதீஸ்வரி குசினி மேசையில் துணி விரித்துத் தன் கூறைச்சேலையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை. கிறிஸ்தவனை, வேதக்காரனைக் கட்டுகிறாள் என்று வராமல் விட்டார். சேலையையாவது இன்றைக்குப் பார்க்கட்டும் என்று பெட்டியின் அடியிலிருந்து எடுத்திருந்தாள்.

"கட்டாயம் போகத்தான் வேணுமோ?" என்றார் நீக்கிலாப்பிள்ளை. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரமாகக் குடிக்காமல் இருந்தார்.

"ஓம்."

"பொடியனோட நீர் போட்டு வாருமன். இண்டைக்கு எங்கட ரெஸ்டோரண்டில ஆள் குறைவு. செஃப் என்னை டவுன்டவுனுக்கு வரச்சொல்லிக் கேட்டவன்."

"செஃப்புக்கு வேற ஆள் இருப்பான். விளக்கேத்த எனக்கு நீங்கள்தான் வேணும். அந்தச் சொல்லை அண்ணையின்ர வாயால வாங்கினனான்."

"எனக்கு விளக்கும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம் ஜெகதி. விட்டிடுவம்."

அவள் அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். நல்ல மனிதர், சண்டை என்றால் மட்டும் சமையலறைக்குள் போய் வெங்காயம் உரிக்கிற மனிதர். போட்டி நடந்த அன்றைக்கும் அப்படித்தான். கூடாரத்துக்குள் சோடாப் பெட்டி தூக்கிக்கொண்டு நின்றவர், மகனை இறக்கிய பிறகு ஒரு வார்த்தை பேசாமல் அவர்களுக்குப் பின்னால் பஸ்ஸில் வந்து ஏறினார். பிறகும் அதைப்பற்றிப் பேசவில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் அவள் கோபப்பட்டாள். ஒரு வீட்டில் ஒருவருக்காவது ரோஷம் இருக்கவேண்டாமா?

யதுர்ஷன் தோளில் பையோடு வந்து மேசையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்தான்.

"இண்டைக்கு நல்லா ஓடவேணும்," என்றாள் ஜெகதீஸ்வரி. "டவுன்டவுன் யூனிவர்சிட்டி ஆக்கள் பாக்க வருவினம் எண்டனி. மாமாவும் வாறாராம். அவற்ற கண் எரியவேணும்."

"அம்மா, நான் மாமாவுக்காக ஓடேல்லை."

"அப்ப ஆருக்காக?"

"ஒருத்தருக்காகவும் இல்லை. எனக்கு விருப்பம், அவ்வளவுதான்." அவன் பழத்தோலைக் கூடையில் போட்டான். "நீங்கள் கோவத்தில கூட்டிக்கொண்டு போனீங்கள். நான் விளையாடத்தான் வந்தனான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஜெகதீஸ்வரிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் ஊற்றி ஊற்றி வளர்த்த கோபத்தில் ஒரு சொட்டுக்கூடப் பிள்ளையின் உடம்பில் ஒட்டவில்லையா? தகப்பனின் இரத்தம் என்று முணுமுணுத்துக்கொண்டு சேலையை மடித்தாள்.

மைதானத்தில் குளிர்காற்று. இலைகள் பாதி கொட்டிவிட்டன. நீக்கிலாப்பிள்ளை காரை விட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, வழக்கம்போல வேலியோரமாய்த் தனியாக நின்றுகொண்டார். ஜெகதீஸ்வரி தன்னுடைய வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கணேசலிங்கம் வந்தார். கோட், சூட், கழுத்தில் பட்டுச் சால்வை. பின்னால் ஒன்றியத்தின் செயலாளர் வீடியோ கமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். விழாவில் போட்டுக் காட்டுவதற்காம்.

"தங்கச்சி, எங்கட ஆள் எது?"

"முப்பத்திரண்டாம் நம்பர், அண்ணை."

"எல்லாம் தலையில சட்டியைக் கவிட்டுக்கொண்டு ஒரேமாதிரியெல்லே நிக்கிதுகள்." அவர் பக்கத்தில் அமர்ந்தார். "ரத்தம் பாத்தியே? அப்பாவும் ஊரில நல்ல ஓட்டக்காரன். எங்கட குடும்பத்து ரத்தம்."

எட்டு வருடத்துக்கு முன் இந்த இரத்தம் எங்கே போயிருந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்கவேண்டிய இடம் வேறு. பின்னேரம் மண்டபத்தில் அத்தனை சனத்துக்கு முன்னால், அதே ஒலிவாங்கியில் கேட்பாள். அதற்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

விசில் ஊதியது. நடுவர் இடுப்பிலிருந்து மஞ்சள் துணி ஒன்றை எடுத்துப் புல்லில் எறிந்தார்.

"அது என்ன பிள்ளை, துணி எறியிறான்?"

இந்த விளையாட்டில் மஞ்சள் துணி விழுந்தால் யாரோ பிழை விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிழை விட்டது யதுர்ஷனின் அணி. அவர்கள் பத்து யார்டு பின்னால் போகவேண்டும்.

"நல்ல சகுனம் அண்ணை," என்றாள் ஜெகதீஸ்வரி. "கை தட்டுங்கோ."

கணேசலிங்கம் எழுந்து நின்று தட்டினார். தலைவர் தட்டினால் செயலாளர் தட்டாமல் இருப்பாரா? கமராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் தட்டினார். "விடாதை! விடாதை!" என்று இரண்டு பேரும் கத்தினார்கள். முன்வரிசையில் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் திரும்பி முறைத்தார்.

அதற்குப் பிறகு மஞ்சள் துணி விழும்போதெல்லாம் அவர் எழும்பித் தட்டினார். எதிரணி பந்தைப் பறித்தபோதும் தட்டினார். இன்னொரு வீரனின் தாய், ஜெகதீஸ்வரிக்குப் பழக்கமானவள், அவள் காதருகே குனிந்து பிரெஞ்சில் கேட்டாள்: "இந்த ஐயா மற்றப் பக்கத்து ஆளா?"

"வுய்," என்றாள் ஜெகதீஸ்வரி. யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் யதுர்ஷனின் அணி நாலு புள்ளி பின்னால் நின்றது. பந்து அவன் கைக்கு வந்தது. வலப்பக்கமாக ஓடப்போகிறவன் போலத் தோளைச் சாய்த்தான். மூன்று பேர் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். அவன் நின்ற இடத்தில் ஒரு காலை ஊன்றித் திரும்பி, இடப்பக்கத்து வெளியில் இறங்கினான். ஒருவன் சட்டையைப் பிடித்தான், இவன் உதறினான். இன்னொருவன் காலுக்குப் பாய்ந்தான், இவன் தாண்டினான். அதற்குப் பிறகு அவனுக்கு முன்னால் புல்லைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை.

ஜெகதீஸ்வரி எழும்பி நின்றதும் தெரியாது, கத்தியதும் தெரியாது. அந்தச் சில வினாடிகள் அண்ணனும் இல்லை, ஆலடிப்புலமும் இல்லை. மகன் ஓடுகிறான், அதன் சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. அவன் கடைசிக் கோட்டைத் தாண்டி விழுந்து எழுந்து, ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தபோதுதான் காலையில் அவன் சொன்னது அவளுக்கு விளங்கியது.

விளங்கி என்ன செய்ய? பக்கத்தில் கணேசலிங்கம் செயலாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாத்தியே, எங்கட ஊர்ப் பொடியன்!"

ஆட்டம் முடிந்ததும் யூனிவர்சிட்டி ஜக்கெட் போட்ட இரண்டு பேர் யதுர்ஷனைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார்கள். ஜெகதீஸ்வரி கம்பியோரம் போனபோது, கணேசலிங்கம் அவளுக்கு முன்னாலேயே போய்ப் பயிற்சியாளரின் கையைக் குலுக்கிக்கொண்டு நின்றார். உடைந்த பிரெஞ்சில் என்னவோ விளக்கினார். பயிற்சியாளர் ஜெகதீஸ்வரியைக் கண்டதும் முகம் மலர்ந்து கேட்டார்.

"மடாம், யதுர்ஷனை முதல்முதல் போட்டியில் ஓடவைத்தது உங்கள் அண்ணனாமே?"

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அது உண்மை. அவன் முதல்முதல் ஓடியது அந்த மைதானத்தில்தான். கோப்பையைப் பறித்தவர் இப்போது கதையையும் எடுத்துக்கொண்டு போகிறார்.

கார் நிறுத்துமிடத்தில் கணேசலிங்கம் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒரு சின்ன மாற்றம். விளக்கு விசயம். எனக்கெண்டால் ஒண்டுமில்லை. நிர்வாகத்தில பெரியாக்கள் முணுமுணுக்கினம். வேதக்கார ஆள் முதல் விளக்கேத்துறதோ, அதுவும் வெளியூர் ஆள் எண்டு. மச்சானைப் பேந்து வேற எதுக்கும் கூப்பிடுவம். நன்றியுரை சொல்லட்டும், என்ன?"

"சரி அண்ணை."

"கோவமில்லையே?"

"எனக்கென்ன கோவம்."

அவர் நிம்மதியாகக் காரில் ஏறினார். கூடப்பிறந்த தங்கையை அவர் தெரிந்து வைத்திருந்த இலட்சணம் அவ்வளவுதான்.

மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டு. பின்கட்டிலிருந்து புரியாணி வாசம். குழந்தைகள் கதிரைகளுக்கு இடையில் பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

விளக்கேற்ற ஒவ்வொருவராக அழைத்தார்கள். ஐயர் ஏற்றினார். தலைவரும் பாரியாரும் ஏற்றினார்கள். பலசரக்குக் கடைக்காரர், வீடு விற்பவர், பல் வைத்தியர் எல்லோரும் ஏற்றினார்கள். திரி முடிந்துவிட்டது. நீக்கிலாப்பிள்ளை கோட்டைக் கழற்றாமல் கடைசி வரிசைக்கும் பின்னால், வாசலோரம் நின்றார். அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. ஆறுதல்போல் ஏதோ தெரிந்தது. ஜெகதீஸ்வரிக்கு அதைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

அரைகுறையாய் எடுத்த வீடியோ ஓடியது. பிறகு கணேசலிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அமரர் இராசையா அவர்களின் அன்புப் பேரன்! ஆலடிப்புலம் பெற்றெடுத்த புதல்வன்! கல்லூரி ஃபுட்போல் நட்சத்திரம், செல்வன் யதுர்ஷன்! அவனை ஈன்றெடுத்த அன்னையையும் மேடைக்கு அழைக்கின்றோம்!"

கைதட்டல். யதுர்ஷன் கூச்சத்தோடு ஏறினான். பின்னால் கூறைச்சேலையில் ஜெகதீஸ்வரி. பேரனின் பெயர் வந்தது, தாய்வழித் தாத்தாவின் பெயர் வந்தது, தகப்பனின் பெயர் மட்டும் வரவில்லை என்பதை மேடைப் படியில் கால் வைக்கும்போதே கவனித்துவிட்டாள்.

கணேசலிங்கம் பொன்னாடையை விரித்தார். அவள் அதற்கு முன் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டாள்.

புவாண்ட்-கிளேரில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டே அவள் மனதுக்குள் பேசிப் பழகிய பேச்சு ஒன்று இருந்தது. நல்ல நீளமான பேச்சு. அண்ணன் வராமல் விட்ட அவள் கல்யாணத்திலிருந்து தொடங்கும். இப்போது ஒரு வரியும் ஞாபகம் வரவில்லை. கேள்வி மட்டும்தான் வந்தது.

"அண்ணை, இந்தப் பிள்ளை எந்த ஊர்?"

கணேசலிங்கம் சபையைப் பார்த்துச் சிரித்தார். "இதென்ன கேள்வி, எங்கட ஊர்ப் பிள்ளை!"

மறுபடி கைதட்டல். அது அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அப்ப எட்டு வருசத்துக்கு முதல் இவனை ஏன் மேடையால இறக்கினீங்கள்? இதே வாயால சொன்னீங்கள், இவன் எங்கட ஊர் இல்லை எண்டு. கோப்பையை உங்கட மகனுக்குக் குடுத்தீங்கள். இஞ்ச இருக்கிற பாதிப் பேர் அண்டைக்கும் இருந்தவை. அவையும் கை தட்டினவை."

கணேசலிங்கத்தின் முகம் கறுத்தது. சால்வை நுனியால் நெற்றியைத் துடைத்தார். ஜெகதீஸ்வரி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒளிப்பானேன், அவளுக்கு அது இனித்தது. எட்டு வருடம் காத்திருந்ததற்கு வட்டியும் முதலுமாக இனித்தது.

அந்த இனிப்பு அடங்கமுன் அவர் வாயைத் திறந்தார்.

"நான் இறக்கேல்லை தங்கச்சி. இறக்கச்சொன்னது உன்ர மனுசன். அங்கை நிக்கிறார், கேள்."

எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின.

நீக்கிலாப்பிள்ளை இல்லை என்று சொல்வார் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கதிரைகளுக்கு நடுவால் மெல்ல நடந்து வந்தார். பாதி வழியில் நின்றார்.

"ஓம். நான்தான் சொன்னனான்."

அவருக்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை. இந்தக் குரல் இவரிடம் இருந்தது என்பதே ஜெகதீஸ்வரிக்குத் தெரியாது.

"கூடாரத்துக்க இவர் அறிவித்தலைச் சொல்லிப் பாத்துக்கொண்டு நிண்டவர். இண்டைக்குச் சொன்ன அதேதான். இராசையாவின்ர பேரன். தகப்பன்ர பேர் இல்லை. நான் சோடாப் பெட்டியை வச்சிட்டுக் கேட்டன், என்ர பேரையும் ஊரையும் ஒருக்காச் சொல்லுங்கோ எண்டு. ஆலடிப்புலத்து மேடையில சேந்தாங்கரை எண்டு சொல்லேலாது எண்டார். அப்ப அவன் உங்கட ஊர்ப் பிள்ளை இல்லை, உங்கட கோப்பையும் வேண்டாம் எண்டு சொன்னன்."

"கேட்டியே?" என்றார் கணேசலிங்கம், மூச்சு வந்தவர்போல. "தகப்பனே வேண்டாம் எண்டால் நான் என்ன செய்ய? நான் யாப்பைத்தான் வாசிச்சன்."

ரோஷம் இல்லாதவர் என்று ஜெகதீஸ்வரி நினைத்த மனிதருக்கு அவளைவிட ரோஷம் இருந்திருக்கிறது. அந்த ரோஷத்துக்குப் பிள்ளையின் கோப்பையைக் கொடுத்திருக்கிறார். கொடுத்துவிட்டு, எட்டு வருடம் வெங்காயம் உரித்திருக்கிறார்.

ஒலிவாங்கி இன்னும் அவள் கையில் இருந்தது. யாரைப் பிடிப்பது? ஒவ்வொருவராகப் பார்க்கலாம் என்று முடிவுசெய்தாள்.

"நல்லது அண்ணை. அண்டைக்குச் சொல்லாத பேரை இண்டைக்குச் சொல்லுங்கோ. தகப்பன்ர பேர், தகப்பன்ர ஊர்."

"பிள்ளை, நிகழ்ச்சி பிந்துது..."

"நாங்கள் பொறுப்பம்."

"சொல்லுங்கோவன்!" என்று நடுவில் ஒரு பெண்குரல். "சாப்பாடு ஆறப்போகுது!" என்று இன்னொரு குரல். சிரிப்பு எழுந்தது. கணேசலிங்கம் நிர்வாகசபையைப் பார்த்தார். நிர்வாகசபை நிலத்தைப் பார்த்தது. ஜெகதீஸ்வரி ஒலிவாங்கியை அவர் வாயருகே பிடித்தாள்.

"நீக்கிலாப்பிள்ளையின்ர மகன்," என்றார்.

"ஊர்?"

"சேந்தாங்கரை."

"கேக்கேல்லை அண்ணை."

"சேந்தாங்கரை!" ஒலிபெருக்கி கீச்சிட்டது.

யதுர்ஷன் இவ்வளவு நேரமும் தாயையும் மாமனையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது கை நீட்டி ஒலிவாங்கியை வாங்கினான்.

"மெர்சி, மாமா," என்றான். "ஆனா நான் மொன்ட்ரியால்-நோர்."

பின்வரிசைப் பொடியன்களும் பெட்டைகளும் விசிலடித்தார்கள், காலால் நிலத்தை உதைத்தார்கள். பொன்னாடையை அவன் போடவிடவில்லை. மாமாவின் கையிலிருந்து மரியாதையாக வாங்கி, மடித்துத் தாம்பாளத்தில் வைத்துவிட்டுப் படி இறங்கினான்.

சாப்பிடாமலே வெளியில் வந்தார்கள். அப்போதுதான் பொழுது சாய்ந்திருந்தது. யதுர்ஷனை அவனுடைய சிநேகிதர்கள் வாசலில் மறித்துக்கொண்டார்கள். பிறகு வருவதாகக் கையைக் காட்டினான்.

நீக்கிலாப்பிள்ளை ஜெகதீஸ்வரிக்காக முன்கதவைத் திறந்து பிடித்தார். அவர் முகத்தில் அவள் கல்யாணத்துக்குப் பிறகு காணாத ஒரு வெளிச்சம்.

"அவற்ற வாயால சொல்ல வச்சிட்டீர் ஜெகதி," என்றார். "சேந்தாங்கரை எண்டு ரெண்டு தரம்."

அவள் முன்கதவைக் கவனிக்கவில்லை. பின்கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்தாள். அவர் முன்கதவைச் சாத்திவிட்டு, சுற்றி வந்து சாரதி ஆசனத்தில் அமர்ந்தார்.

"அண்டைக்குப் பஸ்ஸில இவன் கோப்பையைக் கேட்டுக் கேட்டு அழுதவன்," என்றாள். "நீங்கள் பக்கத்து சீட்டில இருந்தனீங்கள்."

"சொல்லத்தான் நினைச்சனான். நீர் அவ்வளவு கோவமா இருந்தீர்..."

"கோவமா இருந்தனான். அண்ணைதான் செய்தது எண்டு கோவமா இருந்தனான். அம்மா அண்ணை வீட்டில செத்துக் கிடக்கேக்க நான் போகேல்லை. அண்ணையின்ர படி மிதிக்கமாட்டன் எண்டு எங்கட அடுப்படியில இருந்து அழுதனான். முகத்தைக்கூடப் பாக்கேல்லை. அப்பவும் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்துபோட்டுப் பேசாமல் இருந்தனீங்கள்."

நீக்கிலாப்பிள்ளை கண்ணாடியில் அவள் முகத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. அவள் பக்கத்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்துக்குள் யாரோ பாடத் தொடங்கியிருந்தார்கள்.

"ஜெகதி..."

"அண்ணையின்ர அலுவல் முடிஞ்சுது," என்றாள். "இனி உங்கட அலுவல். காரை எடுங்கோ."